தாள் சிக்காத சிறிய பில் பிரிண்டரை வடிவமைப்பது எப்படி?

பேருந்து நடத்துநர் கையில் இருக்கும் டிக்கெட் இயந்திரம், உணவகக் கல்லாவில் பில் அடிக்கும் சிறு பெட்டி, மின்னணுத் தராசோடு சேர்ந்து வரும் ரசீதுக் கருவி ஆகிய மூன்றையும் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புதான். சூடுபட்ட இடம் கறுக்கும் தெர்மல் தாள் சுருள் ஒன்று, அந்தத் தாளை அழுத்திப் பிடித்து நகர்த்தும் ரப்பர் உருளை ஒன்று, உருளைக்கு எதிரே சூடாகும் புள்ளிகள் வரிசையாகப் பதிந்த ஹெட் ஒன்று, கடைசியில் தாளைக் கிழிக்கப் பல்விளிம்போ வெட்டக் கத்தியோ இருக்கும். மை இல்லை, ரிப்பன் இல்லை, நகரும் பாகங்களும் மிகக் குறைவு. இருந்தும் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் கருவிகளோடு கூடவே வரும் புகார், ‘பேப்பர் மாட்டிக்கொள்கிறது’ என்பதுதான். உருளையும் ஹெட்டும் மோட்டாரும் சேர்ந்த அச்சுத் தொகுதியை ஆயத்தமாக வாங்கி, அதற்குக் கூடும் மூடியும் சுருள் தொட்டியும் தாமே வடிவமைப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 58 மி.மீ. கருவியையே வைத்துக்கொள்கிறேன். அதில் ஓடும் தாளின் அகலம் 57.5 மி.மீ., அதில் அரை மி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். அச்சாகும் அகலம் 48 மி.மீ. மட்டுமே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இழுக்கப்படும் தாள் சிக்குவதில்லை. தள்ளப்படும் தாள்தான் சிக்குகிறது. சுருளிலிருந்து உருளை வரை தாள் இழுபட்டு வருகிறது, ஆகவே அந்தப் பகுதியில் அது விறைப்பாகவே நிற்கும். உருளையைக் கடந்த கணத்திலிருந்து வெளியே வரும் வரை அதே தாள் பின்னாலிருந்து தள்ளப்படுகிறது. 0.06 மி.மீ. தடிமனுள்ள ஒரு தாளை நிமிர்த்தி நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகிறது. மெல்லிய தூண் மடங்குவதற்கான விதி இதற்கும் பொருந்தும்: தாங்கல் இல்லாத நீளம் இரண்டு மடங்கானால் மடங்காமல் தாங்கும் விசை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். உருளைக்கும் பல்விளிம்புக்கும் இடையில் 8 மி.மீ. வெற்றிடம் விட்ட கூட்டையும் 4 மி.மீ. மட்டும் விட்ட கூட்டையும் வரைபடத்தில் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் தாளின் பார்வையில் இரண்டாவது கூடு நான்கு மடங்கு பாதுகாப்பானது. எனவே வடிவமைப்பைத் தொட்டியிலிருந்து தொடங்காமல் வெளியேறும் வாயிலிருந்து தொடங்குவதே நல்லது. வெளிக்கூட்டின் அழகை முதலில் தீர்மானித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் தாளின் பாதையை வளைத்து நுழைப்பவர்கள்தான் பிறகு மாதக்கணக்கில் அல்லாடுகிறார்கள்.

உருளைக்குப் பின்னால் நடப்பது

ஒரு சிக்கலை மிக அருகிலிருந்து பார்ப்போம். கடைக்காரர் பில்லைக் கிழிக்கிறார். உருளைக்கு மேலே ஆறேழு மி.மீ. நீளத்தில் ஒரு நுனி எஞ்சி நிற்கிறது. பல்விளிம்பில் கிழிந்ததால் அந்த நுனியும் ரம்பம்போல் இருக்கிறது. கடையில் அடுத்த பில்லுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அதற்குள் அந்த நுனி மெதுவாக உருளையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அடுத்த பில் தொடங்கும்போது ரம்பப் பல் ஒன்று மூடியின் உள்விளிம்பில் தட்டி நிற்கிறது. பின்னாலிருந்து தாள் வந்துகொண்டே இருப்பதால் சிறு கூன் ஒன்று எழும்புகிறது. அந்தக் கூனை உருளையின் மறுபக்கம் தொட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டு சுற்று சுற்றியதும் உருளை தடித்து, ஹெட் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பற்சக்கரம் ‘டக் டக்’ என்று பல் தாண்டும் ஓசை கேட்கிறது. கடைக்காரர் மூடியைத் திறந்து தாளைப் பிடுங்குகிறார். நக அளவு துணுக்கு ஒன்று உருளையின் அச்சுமுனையில் தங்கிவிடுகிறது. அடுத்த சிக்கலுக்கு அதுவே விதை.

நுனி ஏன் உருளையின் பக்கமே சாய்கிறது என்று கேட்க வேண்டும். தெர்மல் சுருள்களில் வேதிப்பூச்சு பொதுவாக வெளிப்புறமாக இருக்கும்படிதான் சுற்றப்படுகிறது. பூச்சுள்ள பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும். ஆகவே சுருளின் உட்புறமாக இருந்த பக்கம் உருளையைப் பார்க்கிறது. சுற்றிக் கிடந்த தாள் தன் பழைய வளைவை மறப்பதில்லை. அந்த வளைவு உட்புறமாக, அதாவது உருளையை நோக்கியே இருக்கும். சுருள் தீரும் தறுவாயில் மையக்குழாயை ஒட்டியிருந்த தாள் மிக இறுக்கமாக வளைந்திருப்பதால், புதுச் சுருளில் ஒழுங்காக ஓடிய கருவி கடைசி ஒன்றிரண்டு மீட்டரில் மட்டும் தகராறு செய்வதற்கு இதுவே காரணம்.

இதற்குப் பரிகாரம் உருளையின் பக்கத்தில்தான் செய்யப்பட வேண்டும். உருளையை ஒட்டி, அதன் முழு நீளத்துக்கும், தாளை வழித்து வெளியே திருப்பிவிடும் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்க வேண்டும். ரப்பருக்கும் அந்த விளிம்புக்கும் இடையே 0.3 முதல் 0.5 மி.மீ. வரை இடைவெளி விடுவது என் வழக்கம். அதற்கும் கீழே போனால் உருளையின் சிறு கோணல்கூட விளிம்பில் உரசி ரப்பரைத் தின்றுவிடும், ஒரு மி.மீ. ஆக விட்டால் வளைந்த நுனி அதற்குள்ளேயே புகுந்துவிடும். விளிம்பின் முனை, தாள் வெளியேறும் தளத்துக்குச் சற்றே கீழே இருக்க வேண்டும். தாள் அதன்மேல் வழுக்கிச் செல்ல வேண்டுமே தவிர, அதில் மோதக் கூடாது.

கிழிக்கும் பல்விளிம்பை இயன்றவரை ஹெட் இருக்கும் பக்கத்தில் வைக்கலாம். கிழிக்கும்போது தாள் அந்தப் பக்கமாக மடக்கப்படுவதால், எஞ்சும் நுனியும் உருளையை விட்டு விலகியே நிற்கும். ஆனால் கிழிக்கும் விசை முழுவதையும் பல்விளிம்பே தாங்க வேண்டும். அது உருளைக்குப் போனால் உருளை தன் இருக்கையிலிருந்து எழும்பி, அடுத்த பில் கோணலாகத் தொடங்கும்.

பாதையில் இரண்டு பாகங்கள் சேரும் ஒவ்வொரு மூட்டையும் ஒரே விதியால் சோதிக்கலாம்: தாள் செல்லும் திசையில் அடுத்து வரும் பாகத்தின் விளிம்பு எப்போதும் சற்றுப் பின்வாங்கியே இருக்க வேண்டும். படி இறங்கலாம், படி ஏறக் கூடாது. மூடியும் உடலும் தனித்தனி அச்சில் வார்க்கப்படுவதால் 0.2 மி.மீ. முன்பின்னாவது இயல்பு. ஆகவே வரைபடத்தில் இரண்டும் சமமட்டத்தில் இருந்தால் போதாது. மிக மோசமான சேர்க்கையிலும் படி இறங்குமாறு அளவுகளை வைக்க வேண்டும். நெகிழி வார்ப்பில் அச்சுப் பிரியும் கோடும், வார்ப்பைத் தள்ளும் ஊசிகளின் வட்டத் தழும்புகளும் தாள் தொடும் பரப்பில் வராமல் பார்த்துக்கொள்ளுமாறு அச்சு செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அச்சு வெட்டிய பிறகு சொன்னால் செலவுதான்.

தாள் உரசும் பரப்பைத் தட்டையாக விடுவதைவிட, தாள் செல்லும் திசையில் மெல்லிய நெடுவரம்புகள் வைப்பது மேல். தொடும் பரப்பு குறைந்தால் உராய்வும் குறையும், நிலைமின்னால் தாள் ஒட்டிக்கொள்வதும் குறையும். ஒவ்வொரு வரம்பும் சரிவாக எழத் தொடங்க வேண்டும். தாளின் இரு ஓரங்கள் வரும் இடத்தில் மட்டும் வரம்பு வைக்கக் கூடாது, 57 மி.மீ. அகலத் தாள் ஒன்றும் 58 மி.மீ. தாள் ஒன்றும் அடுத்தடுத்து வரும்போது ஏதாவதொன்றின் ஓரம் அந்த வரம்பில் ஏறி மடியும்.

சுருள் தொட்டியும் இழுவையும்

சிறிய கருவியில் எவ்வளவு பெரிய சுருள் வைப்பது என்பதை ஒரு கணக்கால் தீர்மானிக்கலாம். சுருளின் வெளிவிட்டத்தின் வர்க்கத்திலிருந்து மையக்குழாயின் வெளிவிட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, π-ஆல் (3.14) பெருக்கி, தாளின் தடிமனைப்போல் நான்கு மடங்கால் வகுத்தால் தாளின் நீளம் வரும். 40 மி.மீ. சுருள், 18 மி.மீ. குழாய், 0.06 மி.மீ. தாள் என்றால் சுமார் 16.7 மீட்டர். குழாயை 12 மி.மீ. ஆக்கினால் 19 மீட்டராகும். இரண்டு மீட்டருக்கு மேல் லாபம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கூடுதல் நீளம் முழுவதும் மிக இறுகிய வளைவுடைய தாள். மேலே சொன்ன நுனிச் சிக்கலை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம். இடம் மிக நெருக்கடியாக இருந்தாலொழிய நான் சிறு குழாயைப் பரிந்துரைப்பதில்லை.

சுருளை அச்சில் கோப்பதைவிடத் தொட்டியில் போட்டு மூடுவதுதான் இப்போது பரவலான வழக்கம், பயன்படுத்துபவருக்கும் அதுவே எளிது. அதில் சுருள் தொட்டியின் அடியில் உரசிக்கொண்டே சுழலும் என்பதால் அடிப்பரப்பிலும் வரம்புகள் வேண்டும். பக்கச் சுவர்களுக்கு இடையே 58.5 மி.மீ. அளவுக்கு இடம் விட்டால் போதும். அதைவிட அகலமானால் சுருள் ஒரு பக்கமாக நகர்ந்து தாள் கோணலாக ஏறும். குறைத்தால், கையில் அழுந்திச் சற்றுக் கூம்பிப்போன சுருள் சுவரில் இறுகும். தீரும் நேரத்தில் எடையிழந்த சுருள் தொட்டிக்குள் துள்ளுவதையும், அப்படித் துள்ளி மேலே வந்து பாதையின் வாயை அடைப்பதையும் கவனித்திருக்கிறேன். வாயருகே 10 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு தடுப்பு வைத்தால் அது தீரும். நடத்துநர் கருவிபோல் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கப்படும் கருவிகளில் இந்தத் தடுப்பு கட்டாயம் வேண்டும், மூடியின் உட்புறமும் தொட்டியின் தொடர்ச்சியாகவே வடிவமைக்கப்பட வேண்டும்.

இழுவையை ஊகிக்காமல் அளக்க வேண்டும். உருளையைக் கழற்றிவிட்டு, தாளின் நுனியைச் சிறு வில்தராசில் மாட்டி, அச்சிடும் வேகத்தில் இழுத்துப் பாருங்கள். 58 மி.மீ. கருவிக்கு 50 கிராம் விசைக்குள் வர வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. முழுச் சுருள், பாதிச் சுருள், தீரும் சுருள் என மூன்று நிலையிலும் அளக்க வேண்டும். எண் மட்டுமின்றி அதன் சீர்மையும் முக்கியம். முள் ஆடிக்கொண்டே இருந்தால் எழுத்துகள் ஓரிடத்தில் நசுங்கியும் ஓரிடத்தில் நீண்டும் வரும்.

மையக்குழாயோடு தாளின் கடைசி முனை பசையால் ஒட்டப்பட்ட சுருள்களைத் தவிர்க்குமாறு பயனர் கையேட்டில் எழுதலாம், ஆனால் கடைக்காரர் கையேட்டைப் படித்துத் தாள் வாங்கப்போவதில்லை. ஒட்டிய முனை வந்து நிற்கும்போது மோட்டார் திணறுவதைக் கருவியே தாங்கிக்கொள்ளும்படி செய்வதுதான் வழி. அதைக் கட்டுப்பாட்டு நிரல் பகுதியில் பார்ப்போம்.

மூடி

மூடியில் உருளையும் உடலில் ஹெட்டும் இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மூடியைத் திறந்தவுடன் பாதை முழுவதும் இரண்டாகப் பிளந்து கண்ணுக்குத் தெரியும். தாள் போகக்கூடிய இடத்துக்கெல்லாம் விரலும் போக வேண்டும். விரல் போகாத இடுக்கு ஒன்று இருந்தால் தாள் துணுக்கு அங்கேதான் போய்த் தங்கும்.

உருளை இரு முனைகளிலும் சமமாக அழுந்த வேண்டும். மெல்லிய நெகிழி மூடி முறுகக்கூடியது. அதன் ஒரு மூலையில் மட்டும் அழுத்தி மூடும்போது ஒரு கொக்கி விழுந்து மற்றது விழாமல் நிற்கும். வெளியே பார்த்தால் மூடியதுபோலவே இருக்கும், தாள் மட்டும் ஒரு பக்கமாக ஓடும். இரு கொக்கிகளையும் ஒரே தண்டில் பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து விழும் அல்லது இரண்டும் விழாது. மூடி திறந்திருப்பதைக் காட்டும் சென்சாரைக் கொக்கி கடைசியாக விழும் பக்கத்தில் வைப்பது இன்னொரு காப்பு. பற்சக்கரத்தின் திசையையும் பார்க்க வேண்டும். மோட்டார் பக்கத்துப் பல், உருளையின் பல்லைத் தள்ளும் விசை உருளையை அதன் இருக்கைக்குள் அழுத்த வேண்டும். தொகுதியைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு மோட்டாரை எதிர்த்திசையில் ஓடவிட்டால் அதே விசை உருளையை வெளியே தூக்கும். படத்தில் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

தானியங்கிக் கத்தி வைப்பதானால் முழுவதும் வெட்டாமல் நடுவில் ஒரு புள்ளி விட்டு வெட்டுவதே சிறு கருவிக்கு ஏற்றது. முழுதாக வெட்டுண்ட பில் வாயிலேயே கிடந்து, அடுத்த பில்லின் தலையில் இடிக்கும். வெட்டும் இடத்தில் உதிரும் தாள் தூசு கீழே ஹெட்டின் மேல் விழாமல் வெளியேற ஒரு வழியும், கத்தி பாதியில் நின்றால் கையால் திருப்பிப் பின்னுக்கு எடுக்க ஒரு சிறு சக்கரமும் வேண்டும். பாதியில் நின்ற கத்தி பல அமைப்புகளில் மூடியையும் திறக்க விடாது.

கட்டுப்பாட்டு நிரல்

சிக்கலை இயந்திரவியலார் மட்டுமே தீர்க்க வேண்டும் என்று விட்டுவிடுவது தவறு. தாள் நின்று நின்று ஓடினால், சூடான ஹெட்டில் பூச்சு இளகி, நின்ற இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அசைவில் ‘சடக்’ என்று பிய்ந்து வரும்; அல்லது வராமல் கூன் எழும்பும். இது தமிழில் பில் அடிப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான தொல்லை. மலிவான கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது என்பதால், செயலி பில்லைப் படமாக மாற்றி அனுப்புகிறது. அங்குலத்துக்கு 203 புள்ளி, அதாவது மி.மீ.க்கு 8 புள்ளி என்ற கணக்கில், ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள், 48 பைட். 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட் வரும்போது, தொடக்க, முடிவு பிட்டுகளோடு ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆவதால் நொடிக்கு 960 பைட்தான் வந்து சேரும். அது 20 புள்ளி வரிசை, அதாவது வெறும் 2.5 மி.மீ. தாள். மோட்டாரோ நொடிக்கு 50 மி.மீ. ஓடக் காத்திருக்கிறது. ஆகவே வரிசைக்கு வரிசை நின்று நின்று ஓடும். 1,15,200 பாட் வைத்தாலும் 30 மி.மீ. மட்டுமே கிடைக்கும்.

தீர்வு இரண்டு. 10 செ.மீ. நீளமுள்ள பில் 38,400 பைட். அதைக் கொள்ளும் நினைவகம் இருந்தால் முழுவதும் வந்த பிறகு ஒரே மூச்சில் அச்சிடலாம். நினைவகம் இல்லையென்றால், தரவு வரும் வேகத்தை அளந்து, மோட்டாரை அதே வேகத்துக்குக் குறைத்துச் சீராக ஓட்டலாம். நின்று ஓடுவதைவிட மெதுவாக ஓடுவது மேல்.

மோட்டாரைத் தொடக்கத்தில் படிப்படியாக வேகம் கூட்டி ஓட்ட வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. நீண்ட நேரம் சும்மா இருந்த பிறகு முதல் 24 வரிசைகளை, அதாவது 3 மி.மீ. தாளை, அச்சிடாமல் மெதுவாக நகர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருளையில் அழுந்திப் படிந்த தாள் அப்போது ஓசையின்றி விடுபடும். மேல்வெற்றிடத்தை மிச்சப்படுத்தத் தாளைப் பின்னுக்கு இழுக்கும் வசதி ஒன்று உண்டு. தாளின் விலை கருதிக் கேட்பார்கள். நுனி உருளையின் பிடியை விட்டு நழுவும் தொலைவில் பாதிக்கு மேல் பின்னிழுக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்; நழுவினால் அது மீண்டும் ஏறும்போது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கத்தி ஒரு முறை ஓடித் தன் தொடக்க நிலைக்குக் குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால், ஒரு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குமேல் முயலாமல் விளக்கை எரியவிட்டு நிற்க வேண்டும். விடாப்பிடியாக முயலும் கருவி பற்சக்கரத்தை உடைத்துக்கொள்ளும். தாள் தீர்ந்ததைச் சொல்லும் சென்சார் உருளைக்கு முன்னால் இருப்பதால், ஒட்டிய முனையில் மாட்டி நிற்கும் தாளை அது ‘இருக்கிறது’ என்றே சொல்லும். தாள் நகராதபோது ஹெட் ஒரே இடத்தைச் சுட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மோட்டாரின் மின்னோட்டத்தாலோ, உருளையின் தண்டில் வைத்த சிறு துளைச் சக்கரத்தாலோ, நகர்வை நேரடியாகக் கண்டறிய ஒரு வழி செய்துவிட்டால், நின்ற உடனே ஹெட்டுக்குப் போகும் மின்சாரத்தை அறுத்துவிடலாம். இதற்குச் சில ரூபாய் கூடுதலாகும், இருந்தாலும் ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

சோதனை

கூட்டின் முதல் மாதிரியில் ஒரு பக்கச் சுவரை வெட்டியெடுத்துக் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகட்டை ஒட்டிவிடுங்கள். கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதியை வைத்து வாயருகே படம் பிடித்தால், கூன் எந்த விளிம்பில் தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். நாள்கணக்கில் வாதிட்டுத் தீராத கேள்வி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நல்ல தாளில் மட்டும் சோதித்து மகிழ்ந்துவிடக் கூடாது. கடைத்தெருவில் கிடைக்கும் மிக மலிவான சுருள்கள் நான்கைந்தை வெவ்வேறு இடங்களில் வாங்குங்கள். ஒவ்வொன்றின் கடைசி இரண்டு மீட்டரைத் தனியாகச் சேர்த்து வைத்து, அவற்றை மட்டுமே வைத்து நூறு முறை சிறு பில் அடித்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோணத்தில் கிழித்துப் பாருங்கள். இடக்கையால் கிழிப்பவர் ஒருவரையும் அழைத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். பிறகு கருவியைத் தாளோடு ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு, மறுநாள் காலை முதல் பில்லை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னையின் கடலோரக் காற்றில் ஈரம் ஏறிய தாள் அகலத்தில் சற்றே விரியும், விறைப்பும் குறையும். வறண்ட அறையில் ஓடிய கருவி ஐப்பசி மழையில் தடுமாறினால், முதலில் பக்கச் சுவர்களுக்கு இடையே உள்ள அளவையும், பிறகு உருளைக்கும் வழித்துவிடும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள்.